காத்திருக்கும் வேலையே வீடு: மார்மன் மக்களின் வரலாறும் நம் தோட்டப்புறமும்



நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பான் நகரை ஒட்டிய அம்பாங்கான் வட்டாரத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியை நான். ஆசிரியர் அறையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் ஒரு பேச்சு அடிக்கடி எழுவதைக் கேட்டிருக்கிறேன். "அந்தக் குடும்பம் சபைக்குப் போய்விட்டது, இனி நம்மவர்கள் இல்லை" என்பதே அப்பேச்சு. சொல்பவர் வருத்தத்தோடுதான் சொல்கிறார். ஆயினும் அந்த வருத்தம் பழியாக மாறச் சிறிது நேரமே போதும். பழி பிள்ளையின் காதில் விழுந்தால், அப்பிள்ளை வகுப்பில் ஓர் ஓரத்திற்குப் போய்விடுகிறது.

அக்குடும்பம் எதை விட்டுச் சென்றது என்று கேட்கிறோம். எதை நாடிச் சென்றது என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு விடை தேடியபோது என் கண்ணில் பட்டது ஒரு சிறிய சபையின் பெரிய வரலாறு. 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்பது அதன் பெயர். மக்கள் வழக்கில் மார்மன் சபை. நான் அச்சபையைச் சேர்ந்தவள் அல்லேன். எவரையும் அங்கு அழைப்பதும் என் நோக்கம் அன்று. வீடிழந்த மக்கள் எவ்வாறு வீடு கண்டார்கள் என்னும் வரலாற்றுப் பாடமாக மட்டுமே இதனைப் படைக்கிறேன். தோட்டங்களை இழந்து பட்டணத்திற்கு வந்த நமக்கு அப்பாடம் மிகத் தேவையானது என்பது என் எண்ணம்.

துரத்தப்பட்டவர்கள்

1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்னும் இளைஞர் இச்சபையைத் தொடங்கினார். அக்காலத்தில் அமெரிக்காவில் புதிய சமயக் குழுக்கள் பல தோன்றின; பெரும்பாலானவை அடங்கியும் போயின. இக்குழுவோ சென்ற இடமெல்லாம் வளர்ந்தது. வளர்ந்த இடமெல்லாம் துரத்தப்பட்டது. ஒகையோவிலிருந்து மிசூரிக்குச் சென்றார்கள். 1838இல் மிசூரி மாநில ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும் என்று ஆணையே பிறப்பித்தார். அவர்கள் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாய் மாநிலத்தில், சதுப்பு நிலத்தைத் திருத்தி நாவூ என்ற நகரை எழுப்பினார்கள். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தாண்டிய அந்நகரமும் நிலைக்கவில்லை. 1844 ஜூன் 27இல் கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். 1846 பிப்ரவரியில், கடுங்குளிரில், பிரிகாம் யங் என்பவரின் தலைமையில் மக்கள் நாவூவை விட்டு வெளியேறத் தொடங்கினர்.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேற்கு நோக்கிய அந்தப் பயணத்தில் முன்னே சென்றவர்கள் வழியில் கார்டன் குரோவ், மவுண்ட் பிஸ்கா ஆகிய இடங்களில் தங்கி, நிலத்தை உழுது பயிரிட்டார்கள். பிறகு அப்பயிரை விட்டுவிட்டு மேலே நடந்தார்கள். விதைத்தவர்களுள் பலர் அறுவடையைப் பார்க்கவில்லை. பின்னால் வரும் முகமறியாத குடும்பங்களுக்காக அவர்கள் விதைத்தார்கள். பயணக் கூட்டத்தைப் பத்துப் பேர், ஐம்பது பேர், நூறு பேர் எனப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவரை அமர்த்தினார்கள். வண்டி பழுது பார்ப்பவர், மாடு மேய்ப்பவர், கைம்பெண்களின் குடும்பங்களைக் கவனிப்பவர் என வேலைகள் பகுக்கப்பட்டன.

நாவூவிலிருந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவு. முதற்கூட்டத்தை அழைத்துவந்த பிரிகாம் யங் 1847 ஜூலை 24இல் அங்கே சேர்ந்தார். மரங்கள் அரிதான அந்த உப்பேரிக் கரையில் அவர்களுக்கு முன்பே வீடென ஒன்று இருந்ததா? இல்லை. ஆயினும், இறங்கிய உடனே ஓடைநீரைத் திருப்பி வயலுக்குப் பாய்ச்சும் வேலையில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை முதலில் வந்தது. வீடு பின்னர் வந்தது.

கடனும் கப்பலும்

புதிய ஊர் உருவானதும், ஐரோப்பாவில் சபையில் சேர்ந்த ஏழைகளை அங்கே கொண்டுவர 1849இல் ஒரு நிதியைத் தோற்றுவித்தார்கள். அதனை 'நிலையான குடிபெயர்வு நிதி' எனத் தமிழில் சொல்லலாம். இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர், டென்மார்க்கின் சிறு குடியானவர் எனப் பலர் அந்நிதியில் கடன் பெற்றுக் கப்பலேறினர். வந்து சேர்ந்தபின் உழைத்துக் கடனை அடைக்க வேண்டும். அடைத்த பணம் அடுத்த குடும்பத்தின் பயணச் செலவாகும். அடைக்க இயலாதவரும் பலர் இருந்தனர். 1880இல், சபை தொடங்கிய ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, ஏழைகள் பட்டிருந்த கடனில் பாதியைத் தள்ளுபடி செய்தார்கள். 1887இல் அமெரிக்க அரசின் சட்டத்தால் அந்நிதி கலைக்கப்பட்டது.

பயணம் எளிதாக இருந்துவிடவில்லை. செலவைக் குறைப்பதற்காக 1856 முதல் 1860 வரை ஏறத்தாழ 3,000 பேர் மாட்டு வண்டிக்கு மாறாகக் கைவண்டியில் மூட்டைகளை ஏற்றித் தாமே இழுத்து நடந்தார்கள். 1856இல் காலந்தாழ்த்திப் புறப்பட்ட இரு கூட்டங்கள் பனிப்புயலில் சிக்கி 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்தக் கதையைப் படிக்கும்பொழுது நம் முன்னோர் நினைவுக்கு வராமல் போவார்களா? திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்களின் வழியாகப் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் வந்தவர்களும் கடனோடுதான் கப்பலேறினார்கள். கங்காணி தன் ஊரிலும் தன் சாதியிலும் ஆள் திரட்டினார். வழிச்செலவுக்கு முன்பணம் தந்தார். தாம் கொண்டுவந்த ஒவ்வொரு தலைக்கும் காசு பெற்றார். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கித் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. அதன்பின் பயணச் செலவு தொழிலாளியின் தலையில் விழுவது குறைந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. 1938இல் இந்திய அரசு கங்காணி முறையில் ஆள் அனுப்புவதையும் தடுத்தது.

இரண்டு நிதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுமே ஏழைகளைக் கடல் கடத்தின. ஒன்றில், வந்தவர் அடைத்த கடன் தம்மைப் போன்ற இன்னொருவரை அழைத்துவந்தது. மற்றொன்றில், நிதி தோட்டத்தின் தேவைக்காக இயங்கியது. மார்மன் குடும்பம் வந்திறங்கியபோது, 'நீ இனி எங்களில் ஒருவர்' என்று சொல்ல ஓர் ஊரே நின்றது. நம் பாட்டன் வந்திறங்கியபோது அவருக்குக் காத்திருந்தது பெரட்டுக் களத்தில் ஒரு பெயர்ப்பதிவு. அந்தப் பெயர்ப்பதிவையும் ஊராக்கிக் காட்டியவர்கள் நம் முன்னோர். அது எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சென்னைக்கு வந்த ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்

மார்மன் சபைக்கும் தமிழ் நிலத்திற்குமான முதல் தொடர்பு ஓர் ஆசிரியரால் ஏற்பட்டது என்பதை அறிந்தபொழுது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் பெயர் ரிச்சர்ட் பாலன்டைன். ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக் நகரில் மக்கள் குடியேறி இரண்டரை ஆண்டுகள் கூட நிறைவுறாத 1849 டிசம்பரில், குழந்தைகள் கவனிப்பாரற்றுத் திரிவதைக் கண்டு, தம் சொந்த வீட்டிலேயே ஞாயிறுப் பள்ளியைத் தொடங்கினார். மார்மன் சபையின் ஞாயிறுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அதுவே தொடக்கம் என்பர்.

1852இல் சால்ட் லேக்கில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்குச் செல்லப் பணிக்கப்பட்டவர்களுள் பாலன்டைனும் ஒருவர். 1853இல் கல்கத்தா வழியாகச் சென்னை வந்தார். ஏறத்தாழ ஓராண்டு தங்கி, ஆங்கிலத்தில் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டார். வீடு வீடாகச் சென்றார். கண்ட பலன் மிகச் சிறிது. அவர் சொன்னதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் படையினரும் அவர்களின் குடும்பத்தினருமே. படை முகாம்களில் பேசுவதற்கும் அதிகாரிகள் தடை போட்டார்கள். 1850களின் நடுப்பகுதிக்குள் அந்த இந்திய முயற்சி ஏறத்தாழ முடிந்துபோயிற்று.

இத்தோல்விக்குக் காரணம் என்ன? மொழி ஒரு காரணம். அக்காலத்தில் அவர்களிடம் தமிழ் நூல் ஒன்றும் இல்லை. அதனினும் பெரிய காரணம், அன்று அச்சபை 'வீடு' என்ற சொல்லுக்குக் கொண்டிருந்த பொருள். சபையில் சேர்ந்தவர் சொந்த ஊரை விட்டு யூட்டாவுக்குக் குடிபெயர வேண்டும் என்பது அந்நாளைய கொள்கை. வீடு என்பது வரைபடத்தில் ஓர் இடம். அங்கே போனால்தான் வீடு! செங்கற்பட்டுக் குடியானவர் எப்படிப் போவார்? ஏன் போக வேண்டும்? வேறிடத்தில் மட்டுமே கிடைக்கும் வீட்டைக் காட்டி எவரையும் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதற்குச் சென்னை அனுபவம் ஒரு சான்று.

கூடார முளை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அச்சபை மெல்ல மெல்லத் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 'எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள். அங்கேயே கட்டியெழுப்புங்கள்' என்பது புதிய நெறி. அவர்களின் அமைப்பில் பல சிறு சபைகள் சேர்ந்தது 'ஸ்டேக்' எனப்படும். ஆங்கிலத்தில் அதன் பொருள் கூடாரக் கயிற்றைக் கட்டும் முளை. ஏசாயா தீர்க்கதரிசியின் நூலில் வரும் கூடார உவமையிலிருந்து எடுத்த பெயர் அது. கூடாரம் ஒன்றே, முளைகள் பல. எந்த ஊரில் முளை அடித்தாலும் அந்நிழல் அங்கே வரும். ஓர் ஊருக்கு நடந்துபோவதே வீடு என்றிருந்த எண்ணம், உள்ள ஊரில் முளை அடிப்பதே வீடு என்று மாறியது.

இந்த மாற்றத்திற்குப் பிறகுதான் தமிழர் ஒருவர் அதனுள் இடம் கண்டார். கோவைப் பகுதியைச் சேர்ந்த பால் திருத்துவதாஸ் என்பவர் 1950களில் ஒரு சிறு வெளியீட்டின் வழியாக அச்சபையைப் பற்றி அறிந்து, சால்ட் லேக் நகருக்குக் கடிதம் எழுதினார். அருகில் சபை இல்லை; ஊழியர் இல்லை. ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்தே உறவாக இருந்தது. 1960களில் அவர் திருமுழுக்குப் பெற்றார். சும்மா காத்திருக்கவில்லை அவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஆதரவற்றோர்க்குப் புகலிடமும் நடத்தினார். 1982இல் மார்மன் நூலின் தேர்ந்த பகுதிகள் தமிழில் வெளிவந்தன. 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பணிமண்டலம் அமைந்தது. 2012இல் ஐதராபாத்தில் இந்தியாவின் முதல் ஸ்டேக் நிறுவப்பட்டது. 1850களில் பாலன்டைனால் செய்ய முடியாததைப் பிற்காலத்தில் உள்ளூர் மக்களே செய்தார்கள்.

அவ்வாறு உள்ளூர் மக்கள் செய்யக் கூடியதற்கு அச்சபையின் நடைமுறை ஒன்று துணை நின்றது. அங்கே உள்ளூர்ச் சபையை நடத்தச் சம்பளம் வாங்கும் குருமார் இல்லை. கணக்கர், தச்சர், ஓட்டுநர் என யாரேனும் ஒருவர் சில ஆண்டுகள் தலைவராக இருப்பார். பிறகு இறங்கி, குழந்தைகள் வகுப்பில் உதவியாளராகக் கூட அமர்வார். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பைத் தருகிறார்கள்; அதற்கு 'அழைப்பு' என்று பெயர். இசை வாசிப்பது, நாற்காலி அடுக்குவது, நோயுற்றோர் வீட்டுக்குச் செல்வது, சிறுவர் வகுப்பு நடத்துவது என எல்லாமே அழைப்புத்தான். ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்துவர இருவர் குறிக்கப்படுவதும் உண்டு.

பெண்களுக்கென 1842இலேயே நாவூவில் ஒத்தாசைச் சங்கம் தோன்றியது. சிறுவர்க்கான அமைப்பு 1878இல் யூட்டாவின் பார்மிங்டன் ஊரில் உருவானது. ஊர்ப் பையன்கள் இரவில் பொறுப்பின்றித் திரிவதைக் கண்டு கவலையுற்ற அவ்ரேலியா ராஜர்ஸ் என்ற தாய் அதற்குக் காரணமானார். முதற்கூட்டத்திற்கே 200க்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். நம் தாமான்களில் மாலை நேரங்களில் சுற்றித் திரியும் சிறுவரைக் கண்டு நாம் படும் கவலையும் அதேதான் அல்லவா?

தோட்டத்தை விட்டு வந்து, பின்னர்த் தலைநகர்ப் பக்கம் இச்சபைக்குச் சென்றுவரும் தாயார் ஒருவர் என்னிடம் சொன்னது: "டீச்சர், நான் போன மூணாவது வாரமே எனக்கு ஒரு வேலை கொடுத்தாங்க. சின்னப் பிள்ளைங்க வகுப்பு. ஒரு வாரம் வராட்டா, என்னைத் தேடி ஆள் வந்துட்டாங்க." இறையியலைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. அச்சபையில் மதுவுக்கு இடமில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். சம்சு குடியால் சிதைந்த குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். தேத்தண்ணியும் காப்பியும் கூடாது என்பதுதான் அவருக்குச் சிரமமாக இருந்ததாம்!

நம் தோட்டங்களில் இருந்தது என்ன?

அத்தாயார் சொன்னதைக் கேட்டபோது எனக்கு என் பாட்டியின் தோட்டம் நினைவுக்கு வந்தது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர் அவர். மாரியம்மன் திருவிழா நாள் குறித்துவிட்டால் அந்த லயத்தில் வேலையில்லாதவர் ஒருவரும் இருக்கமாட்டார் என்பார். பந்தற்கால் ஊன்றுவது ஒரு குடும்பம். மாவிலை கட்டுவது ஒரு குடும்பம். ஒவ்வோர் இரவின் உபயமும் ஒவ்வொரு கூட்டத்தாருக்கு. கூழ் காய்ச்சுவது பெண்கள், தண்ணீர் சுமப்பது இளைஞர், பூத்தொடுப்பது கிழவிகள், தீவட்டி பிடிப்பது சிறுவர். என் பாட்டிக்கு முளைப்பாரி வளர்க்கும் பொறுப்பு. அவர் வரவில்லையென்றால் முளைப்பாரி இல்லை. முளைப்பாரி இல்லையென்றால் திருவிழா இல்லை. எழுத்தறியாத அம்மூதாட்டிக்கு அந்தத் தோட்டத்தில் ஓர் இடம் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

பெரட்டுக் களத்துப் பெயர்ப்பதிவை ஊராக்கியது இதுதான். துரையின் நிலத்தில், தங்களுக்குச் சொந்தமில்லாத மண்ணில், பகல் முழுதும் பிறருக்காக உழைத்தவர்கள் மாலையில் தங்களுக்கென ஒரு வேலைப் பங்கீட்டை அமைத்துக்கொண்டார்கள். கோயில், கலைமன்றம், கால்பந்துக் குழு, தொழிற்சங்கக் கிளை, ஆயாக் கொட்டகையிலிருந்து தொடங்கிய பள்ளி எல்லாம் அந்தப் பங்கீட்டின் கிளைகள். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. ஆனால் அப்பள்ளிகளில் பலவற்றை உயிரோடு வைத்திருந்தது பெற்றோரின் கைதான்.

மண் சொந்தமில்லை என்பதன் விலையை நாம் பின்னர்க் கொடுத்தோம். 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபொழுது ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தைத் திரட்டி, 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். முன்னால் சொன்ன குடிபெயர்வு நிதியைப் போலவே, ஏழைகளின் சிறுதொகை ஏழைகளுக்கே வீடான நிகழ்ச்சி அது. ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் வாங்க இயலவில்லை. காலப்போக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. சிரம்பான், நீலாய், லாபு வட்டாரங்களில் இன்று வீடுகளும் சாலைகளும் இருக்கும் எத்தனையோ இடங்கள் நம் பாட்டிமார் பால்வாளி சுமந்த இடங்கள்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குச் சிலவிடங்களில் மலிவுவிலை அடுக்குமாடி வீடு கிடைத்தது, கூரை கிடைத்தது. கிடைக்காமற் போனது வேலைப் பங்கீடு. நான்காம் மாடியில் குடியிருக்கும் மூதாட்டியிடம் முளைப்பாரி கேட்பார் எவருமில்லை. நகரத்துப் பெரிய கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கலாம். ஆனால் அங்கே ஒருவர் வரவில்லையென்றால் யாரும் அறியமாட்டார்கள். இந்த வெற்றிடத்தில்தான் சிலர் சபைகளுக்குச் சென்றார்கள். சிலர் தியான மன்றங்களுக்குச் சென்றார்கள். மனம் பதறச் சொல்கிறேன், சில இளைஞர்கள் குண்டர் கும்பல்களுக்குச் சென்றார்கள். கும்பலும் முதல் வாரத்திலேயே ஒரு வேலை கொடுக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

மறுபக்கம்

வரலாறு எழுதுபவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மார்மன்கள் வீடு கண்ட அப்பள்ளத்தாக்கு ஆளில்லா நிலம் அன்று. யூட், ஷோஷோனி முதலிய பழங்குடியினர் வாழ்ந்த நிலம். அவர்கள் தம் நீரையும் வேட்டைக் காட்டையும் இழந்தார்கள். அச்சபையில் 1978 வரை கறுப்பினத்து ஆண்களுக்குக் குருத்துவப் பொறுப்பு மறுக்கப்பட்டது. பெண்களுக்கு அது இன்றும் இல்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் வெளிப்படையாக வழக்கிலிருந்த பலதார மணத்தைச் சபை 1890இல் கைவிடுவதாக அறிவித்தது.

நம் தோட்டக் கோயிலும் குறையற்றது அன்று. சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் இருந்தன. எந்த உபயம் யாருக்கு, யார் தேர்வடம் தொடலாம், யார் எட்டி நிற்க வேண்டும் என்பதையும் அதே வேலைப் பங்கீடுதான் தீர்மானித்தது. ஒருவருக்கு வேலை கொடுக்கும் அமைப்பு, இன்னொருவருக்குக் கொடுக்காமலிருக்கவும் வல்லது. ஆகவே, யாரிடம் எந்த வேலையைத் தருகிறோம், யாருக்கு எப்போதுமே தராமல் விடுகிறோம் என்று பார்த்தால் அந்தச் சமூகத்தின் நேர்மை தெரிந்துவிடும்.

பள்ளியின் கடமை

நாடு விடுதலை பெற்ற 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன என்பர். இன்று ஐந்நூற்றுச் சொச்சம் உள்ளன. அவற்றுள் பல, தோட்டம் மறைந்தபின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கோயில் இடம்பெயர்ந்த ஊரில், லயம் இடிபட்ட ஊரில், எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வந்து அமரும் கடைசி இடம் பெரும்பாலும் தமிழ்ப் பள்ளியே. மாரியம்மனை வணங்கும் பிள்ளையும், சபைக்குச் செல்லும் பிள்ளையும், எங்கும் செல்லாத பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று தேசியப் பண் பாடுகிறார்கள். "நம்மவர்கள் இல்லை" என்ற சொல் இந்த ஒரு கூரைக்குள்ளாவது நுழையக் கூடாது.

என் வகுப்பில் நான் ஒரு சிறு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில், எந்த மாணவருக்கு என்ன பொறுப்பு என்று எழுதுவேன். கரும்பலகை, செடிகளுக்கு நீர், நூலக அடுக்கு, சத்துணவுத் தட்டுகள், புதிதாக வந்த மாணவருக்குத் துணை, நாளிதழ்ச் செய்தி வாசிப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே இரண்டு மூன்று பொறுப்புகள் தாமாகவே சேர்ந்துவிடும். பெயருக்கு நேரே ஒன்றும் இல்லாத பிள்ளைகளைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அடிக்கடி பள்ளிக்கு வராதவர்களும் பெரும்பாலும் அவர்களே. வாரம் இருமுறை மட்டுமே வந்துகொண்டிருந்த ஒரு மாணவனுக்குக் காலை மணியடிக்கும் பொறுப்பைக் கொடுத்தோம். அவன் வராவிட்டால் மணி அடிக்காது என்பதல்ல. ஆனால் 'இன்று யார் மணி அடித்தது?' என்று மறுநாள் நண்பர்கள் அவனிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே அவன் வரத் தொடங்கினான்.

பெற்றோர்க்கும் இது பொருந்தும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எப்போதும் அதே ஏழெட்டுப் பேரே எல்லா வேலையும் செய்கிறார்கள். மற்றவர் வருவதில்லை என்று குறைபடுகிறோம். வராதவருக்கு நாம் நன்கொடைக் கடிதம் அனுப்புகிறோம். கோத்தோங் ரோயோங் நாளுக்குப் பொது அறிவிப்பு அனுப்புகிறோம். "உங்களுக்குத் தச்சு வேலை தெரியுமாமே, மூன்றாம் ஆண்டு வகுப்பின் ஆறு நாற்காலிகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன" என்று பெயர் சொல்லி அழைத்ததுண்டா? பொது அறிவிப்பு எவரையும் அழைப்பதில்லை. பெயர் சொல்லி, வேலை சொல்லி அழைப்பதே அழைப்பு. சபைக்குச் செல்லும் தாயாருக்குச் சிறுவர் வகுப்பு நடத்தத் தெரியும் என்றால், நம் பள்ளியின் வாசிப்பு முகாமை நடத்த அவரை நாம் ஏன் அழைக்கக் கூடாது?

கார்டன் குரோவில் விதைத்தவர்களுக்கு அங்கே வரப்போகும் பிள்ளைகளின் பெயர் தெரியாது. நம் பிள்ளைகளின் பெயரோ வருகைப் பதிவேட்டில் நம் கண்முன் இருக்கிறது. நாளைக் காலை அதைத் திறக்கும்பொழுது, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு வேலையை எழுதிவிடுங்கள்.